பலூனில் ஒட்டிய ரேடான்: நேர்கோடு காட்டிய தவறான விடை

மகளுடைய பாடப்புத்தகத்தில் கதிரியக்கச் சிதைவு பற்றி ஒரு கணக்கு. ரேடான்-222 என்ற கதிரியக்க வாயுவின் அரை ஆயுள் (அதன் அணுக்களில் பாதி சிதைய ஆகும் நேரம்) 3.82 நாள், 80 மில்லிகிராம் இருந்தால் எட்டு நாளில் எவ்வளவு மிஞ்சும்? இரண்டு நிமிடத்தில் 18.7 என்று போட்டுவிட்டாள். பிறகு பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள்: "அம்மா, இதை யாராவது உட்கார்ந்து எண்ணிப் பார்த்திருக்காங்களா, இல்ல சூத்திரத்தை நம்பிட்டுப் போறதுதானா?"

1900-இல் இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு எண்ணிப் பார்த்தார் என்று சொன்னேன். தோரியத்திலிருந்து வெளிவந்த வாயுவின் கதிரியக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதை அவர் அளந்துதான் அந்த வளைகோட்டை எழுதினார். அவளுக்கு அது போதவில்லை. "நாம எண்ண முடியாதா?" என்றாள். அந்தக் கேள்விக்காக நாங்கள் செலவழித்த மூன்று வார இறுதிகளின் பதிவு இது. எண்கள் எல்லாம் என் நோட்டிலிருந்து அப்படியே எடுத்தவை.

முதலில் பகடை. 120 பகடைகளை ஒரு பெட்டியில் போட்டுக் குலுக்கிக் கொட்டுவோம். ஆறு விழுந்தவை சிதைந்த அணுக்கள். அவற்றை எடுத்துவிட்டு மீதியை மறுபடி கொட்டுவோம். முதல் சுற்றில் மிஞ்சியவை: 120, 98, 84, 71, 57, 49, 38, 33, 28, 22, 19, 16, 13. எந்தப் பகடை எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் மொத்தம் எவ்வளவு வேகத்தில் கரையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். அணுவுக்கும் இதேதான். முந்தைய வீச்சில் தப்பித்த பகடைக்கு அடுத்த வீச்சில் ஆபத்து கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. "வயசே ஆகாத பொருள்" என்றாள் மகள். சரியான சொல்.

இங்கேயே ஒரு தவறு செய்தோம். சிதைவு மாறிலி என்பது ஒரு வீச்சுக்கு ஆறில் ஒன்று என்று எடுத்துக்கொண்டு வளைகோட்டை வரைந்தோம். சூத்திரம் எல்லாருக்கும் தெரிந்ததுதான்:

மிச்சம் = தொடக்கம் × 2.718-இன் அடுக்கு (−சிதைவு மாறிலி × நேரம்)

இதன்படி ஆறு வீச்சுக்குப் பிறகு 44 மிஞ்ச வேண்டும். எங்களிடம் 38 இருந்தது. ஒரு சுற்றில் இப்படி ஆவது தற்செயலாக இருக்கலாம். அதனால் பத்துச் சுற்று போட்டுக் கூட்டினோம். 1200 பகடைகளில் ஆறு வீச்சுக்குப் பின் 398 மிச்சம். எங்கள் வளைகோடு சொன்னதோ 441. பகடை பிசகவில்லை, மாறிலிதான் பிசகு. ஆறில் ஒன்று என்பது ஒரே தாவலில் போகும் பங்கு. தொடர்ந்து நடக்கும் சிதைவில், ஒரு இடைவெளியின் நடுவிலேயே இருப்பு குறைந்துகொண்டு வருவதால் அந்தப் பங்கும் மெல்லக் கரைகிறது. ஆண்டுக்கு ஒருமுறை போடும் வட்டிக்கும் நொடிக்கு நொடி போடும் வட்டிக்கும் உள்ள வித்தியாசம்தான். ஒரு வீச்சுக்கு ஆறில் ஐந்து பங்கு மிஞ்சுகிறது என்றால், சரியான மாறிலி 6/5-இன் இயல் மடக்கை, அதாவது 0.1823. அதைப் போட்டால் 402 வருகிறது. 398-க்கு அருகில் கச்சிதமாக உட்கார்ந்தது.

2-இன் இயல் மடக்கை 0.693. அதை 0.1823-ஆல் வகுத்தால் பகடையின் அரை ஆயுள் 3.80 வீச்சு. ரேடானுக்கு 3.82 நாள். இந்த ஒற்றுமை தற்செயல்தான், ஆனால் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல கருவி கிடைக்காது: ஒரு வீச்சு ரேடானுக்கு ஒரு நாள். பகடைகளைக் கொட்டிக் கொட்டி ரேடானின் இரண்டு வாரத்தைக் கண் முன்னால் ஓட்டிவிடலாம்.

ஆனால் பகடை பகடைதான். அடுத்தது உண்மையான அணு.

கதிரியக்கப் பொருள் எதையும் வாங்க வேண்டியதில்லை. மண்ணிலும் கல்லிலும் உள்ள யுரேனியம் சிதைந்து சிதைந்து ரேடான் வாயுவாகி, நாம் மூச்சு விடும் காற்றில் எந்நேரமும் இருக்கிறது. காற்றோட்டம் இல்லாத தரைத்தள அறைகளில் கொஞ்சம் கூடுதலாகத் தேங்கும். ரேடான் எதிலும் ஒட்டாது. அது சிதைந்து பிறக்கும் பிள்ளைகள் ஒட்டும். வரிசை இது: ரேடான்-222, பொலோனியம்-218 (அரை ஆயுள் சுமார் 3 நிமிடம்), ஈயம்-214 (26.8 நிமிடம்), பிஸ்மத்-214 (19.9 நிமிடம்), பொலோனியம்-214 (நொடியின் பத்தாயிரத்தில் இரண்டு பங்குகூட இல்லை), கடைசியில் ஈயம்-210. இந்த ஈயத்துக்கு அரை ஆயுள் 22 ஆண்டு என்பதால் எங்கள் அளவையில் அது அசைவற்றதுதான்.

பிறக்கும்போது இந்தப் பிள்ளை அணுக்கள் பெரும்பாலும் நேர்மின்னூட்டத்தோடு இருக்கின்றன. எதிர்மின்னூட்டம் ஏற்றிய எதையாவது தொங்கவிட்டால் தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். 1901-இல் எல்ஸ்டர், கைட்டல் என்ற இரு ஜெர்மானிய இயற்பியலாளர்கள் எதிர்மின்னழுத்தம் கொடுத்த கம்பியை வெறும் காற்றில் நீட்டிவைத்து, அது கதிரியக்கம் பெறுவதைக் காட்டினார்கள். நாங்கள் கம்பிக்குப் பதிலாகப் பலூனை எடுத்தோம். ரப்பர் பலூனைக் கம்பளித் துணியால் தேய்த்தால் அதில் எதிர்மின்னூட்டம் ஏறும்.

அளக்கும் கருவி, எஸ்பிஎம்-20 குழாய் வைத்த ஒரு சாதாரண கைகர் எண்ணி (கதிர் ஒன்று குழாயில் நுழைந்தால் ஒரு துடிப்பாக எண்ணும் கருவி). பழைய சோவியத் வடிவமைப்பு; மெல்லிய துருப்பிடிக்காத எஃகுச் சுவர், உள்ளே வாயு, இயக்க 400 வோல்ட். அணு சிதையும்போது வெளிவரும் கதிர்களில் பீட்டாவையும் (வேகமான எலெக்ட்ரான்கள்) காமாவையும் எண்ணும்; கனமான ஆல்ஃபா சுவரைத் தாண்டாது. இந்தக் கடைசி விஷயம் பின்னால் முக்கியமாகப் போகிறது. குழாயின் முனைகளில் கை படாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் வேறு ஆபத்து இல்லை. பலூனில் சேர்வது அந்த அறையில் நாம் ஏற்கெனவே சுவாசித்துக்கொண்டிருந்த தூசியில் உள்ளதுதான்; வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் சரி.

முதல் இரண்டு முயற்சிகள் வீண். ஒரு நாள் காற்றில் ஈரம் அதிகம். தேய்த்த மின்னூட்டம் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை, எண்ணி பின்னணி அளவைத் (பலூன் இல்லாமலே எப்போதும் வரும் எண்ணிக்கை) தாண்டவே இல்லை. அடுத்த முறை நன்றாகச் சேர்ந்தது. ஆனால் பலூனை ஊசியால் குத்தினேன். அது துண்டு துண்டாகச் சிதறி, பொறுக்கி எடுத்துக் குழாயில் சுற்றுவதற்குள் நேரம் போனது. நடுவில் ஒரு துண்டு நழுவியதால் எண்ணிக்கை திடீரென்று ஒரு படி இறங்கியது. அதன் பிறகு பலூன் வாயை முடிச்சுப் போடாமல் கவ்வியால் பிடித்து, காற்றை மெல்ல இறக்கினோம். பெரிய பரப்பில் ஒட்டியதெல்லாம் உள்ளங்கையளவு ரப்பரில் வந்து சேர்ந்துவிடும். குழாயின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன் மேல் பலூனை வைத்து ரப்பர் பேண்டால் கட்டினோம். கட்டியபின் அளவீடு முடியும்வரை தொடக்கூடாது. ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் வளைகோட்டில் பள்ளம் விழும்.

மூன்றாவது முயற்சி. பலூனைக் கொண்டுவருவதற்கு முன்பு, அதே இடத்தில் வெறும் எண்ணியை ஒரு மணி நேரம் ஓடவிட்டேன். 1314. அதாவது பத்து நிமிடத்துக்கு 219. இப்படித் தற்செயலாக வரும் எண்ணிக்கைகளில் தவிர்க்க முடியாத தடுமாற்றம் ஏறக்குறைய அந்த எண்ணின் வர்க்கமூலம். 1314-க்கு அது 36. அறிவியல் கண்காட்சிகளில் நான் பார்த்த பல வரைபடங்களில் இந்தத் தடுமாற்றத்தைக் குறிக்கவே மாட்டார்கள். குறிக்காத புள்ளி கோட்டிலிருந்து விலகியிருக்கிறதா இல்லையா என்று யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. தயவுசெய்து குறியுங்கள்.

பலூன் சேமிப்பறையில் 45 நிமிடம் தொங்கியது. நடுவில் ஒருமுறை மறுபடி தேய்த்தோம். இறக்கிக் கட்டி, எடுத்ததிலிருந்து பத்து நிமிடம் ஆனதும் எண்ணத் தொடங்கினேன். அதற்குள் பொலோனியம்-218 மூன்று அரை ஆயுளைக் கடந்து எட்டில் ஒன்றாகிவிடும். பத்துப் பத்து நிமிடமாக எண்ணிய மொத்தம்:

1987, 1789, 1541, 1296, 1164, 941, 826, 689, 578, 537, 455

நொடிக்கு மூன்று துடிப்புதான் என்பதால், ஒரு துடிப்புக்குப் பின் குழாய் மரத்துக் கிடக்கும் சில நூறு மைக்ரோ வினாடிகளைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை.

மகள் உடனே ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டு, செங்குத்து அச்சை மடக்கை அளவுக்கு மாற்றினாள். அடுக்குக்குறிச் சார்பை அப்படி வரைந்தால் நேர்கோடாக வரவேண்டும், அதன் சரிவே சிதைவு மாறிலி. வந்தது. பதினொரு புள்ளியும் ஸ்கேல் வைத்த மாதிரி. ஆர்-ஸ்கொயர் (கோடு புள்ளிகளோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதன் அளவு; முழுப் பொருத்தம் என்றால் 1) 0.997. அரை ஆயுள் 45.6 நிமிடம். அந்தத் திரையைப் பார்த்து இருவரும் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. காற்றிலிருந்து பிடித்த அணுக்கள் சூத்திரம் சொன்ன மாதிரியே இறந்துகொண்டிருந்தன.

பிறகு அவள் கேட்டாள்: "45.6 நிமிஷம்னா அது எந்த அணும்மா?"

மேலே உள்ள வரிசையைப் பாருங்கள். 3 இருக்கிறது, 26.8 இருக்கிறது, 19.9 இருக்கிறது. 45.6 எங்கேயும் இல்லை.

நல்லவேளையாக எண்ணியை நிறுத்தாமல் விட்டிருந்தேன். 110-ஆவது நிமிடத்திலிருந்து 170-ஆவது நிமிடம்வரை, ஒரு மணி நேரத்தின் மொத்த எண்ணிக்கை 2051. எங்கள் அழகான கோட்டை அப்படியே நீட்டினால் அந்த மணி நேரத்துக்கு அது சொல்வது 1633. வித்தியாசம் 418, தடுமாற்றம் 45 மட்டும். ஒன்பது மடங்கு. இதைத் தற்செயல் என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. 0.997 வாங்கிய கோடு அடுத்த ஒரு மணி நேரத்தையே சொல்ல முடியாமல் விழுந்துவிட்டது.

காரணம் எளிது. பின்னணியைக் கழிக்க மறந்துவிட்டோம். ஒரு மணி நேரம் மெனக்கெட்டு அளந்து நோட்டில் எழுதி வைத்த எண்ணை, அவசரத்தில் பயன்படுத்தவே இல்லை. பலூன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பத்து நிமிடத்துக்கு 219 வந்துகொண்டே இருக்கும், அது சிதையாது. அடுக்குக்குறிச் சார்பு பூஜ்யத்தை நோக்கி இறங்கும். எங்கள் எண்ணிக்கை 219-ஐ நோக்கி இறங்குகிறது. அதனால்தான் பின்னால் போகப் போகக் கோடு நிஜத்துக்குக் கீழே போய்விட்டது.

கழித்தோம்: 1768, 1570, 1322, 1077, 945, 722, 607, 470, 359, 318, 236.

மறுபடி மடக்கை அச்சு, மறுபடி கோடு. அரை ஆயுள் 33.9 நிமிடம். ஆர்-ஸ்கொயர் 0.993.

இந்த இடத்தில்தான் எனக்கு உண்மையிலேயே தூக்கம் போனது. செய்ய வேண்டிய சரியான வேலையைச் செய்தபிறகு கோடு முன்பைவிட மோசமாகப் பொருந்துகிறது. 33.9-ம் வரிசையில் இல்லாத எண். கண்ணால் பார்த்தாலே தெரிகிறது: முதல் புள்ளி கோட்டுக்குக் கீழே, நடுப் புள்ளிகள் எல்லாம் மேலே, கடைசிப் புள்ளி மறுபடி கீழே. வில் மாதிரி வளைந்திருக்கிறது. முதல் புள்ளிக்குக் கோடு சொல்வது 1953, எங்களிடம் 1768. தடுமாற்றத்தைப் போல நான்கு மடங்குக்கு மேல் விலகல். முதல் நான்கு புள்ளிகளை மட்டும் எடுத்தால் அரை ஆயுள் 42 நிமிடம். கடைசி ஐந்தை மட்டும் எடுத்தால் 30. அரை ஆயுள் என்பது நேரம் போகப் போகக் குறையும் ஒன்றா என்ன?

மாதிரியில் எதையோ விட்டிருக்கிறோம் என்று புரிந்தது. பலூனில் இரண்டு வகை அணு கலந்திருப்பதாலா? வெறுமனே கலந்திருந்தால் வளைவு எதிர்ப்பக்கம் இருக்கும். குறுகிய ஆயுள்காரன் முதலில் வேகமாகப் போவான், நீண்ட ஆயுள்காரன் பின்னால் தங்குவான். கோடு முதலில் செங்குத்தாகவும் பிறகு சாய்வாகவும் வரும். எங்களுடையது முதலில் சாய்வு, பிறகு செங்குத்து. தொடக்கத்தில் ஏதோ ஒன்று சிதைவை ஈடுகட்டிக்கொண்டிருக்கிறது.

ஈயம்தான். ஒரு ஈயம்-214 அணு பீட்டாவைக் கக்கிச் சிதைந்ததும் அங்கேயே பிஸ்மத்-214 ஆகிறது, அதுவும் பீட்டா கக்கும். மேலே ஒரு தொட்டி, கீழே ஒரு தொட்டி என்று நினைத்துக்கொள்ளுங்கள். மேல் தொட்டி ஒழுகிக் கீழ்த் தொட்டியில் விழுகிறது, கீழ்த் தொட்டியும் ஒழுகுகிறது. எங்கள் எண்ணி கேட்பது இரண்டு ஒழுக்கின் சத்தத்தையும் சேர்த்து. மேல் தொட்டியில் நீர் குறையும்போது கீழ்த் தொட்டி நிரம்பிக்கொண்டிருந்தால், மொத்தச் சத்தம் உடனே குறையாது. கீழ்த் தொட்டி தன் உச்சத்தைக் கடந்த பிறகுதான் வேகமாக இறங்கும்; வெகுநேரம் கழித்து, இரண்டில் மெதுவாக ஒழுகும் மேல் தொட்டியின் 26.8 நிமிடத்தில் போய் நிற்கும். அதனால்தான் 42, பிறகு 30.

அப்படியானால் கழிக்காத கோடு ஏன் அவ்வளவு நேராக வந்தது? சங்கிலி கோட்டைக் கீழ்நோக்கி வளைக்கிறது. பின்னணி அதே கோட்டை மேல்நோக்கி வளைக்கிறது. முதல் 110 நிமிடத்தில் இரண்டும் ஒன்றையொன்று கிட்டத்தட்ட முழுவதுமாக அழித்துக்கொண்டன. இரண்டு தவறு சேர்ந்து ஒரு நேர்கோடு, ஒரு 0.997. பின்னணி இரண்டு மடங்காக இருந்திருந்தாலோ பலூன் இன்னும் அதிகம் சேர்த்திருந்தாலோ இந்தப் பொருத்தம் குலைந்திருக்கும், நாங்களும் முன்பே விழித்திருப்போம்.

இனி சரியான மாதிரி. இப்படி ஒன்றிலிருந்து ஒன்று பிறக்கும் சங்கிலிகளுக்கு 1910-இல் கணிதவியலாளர் ஹாரி பேட்மன் பொதுவான தீர்வு எழுதிவிட்டார். ஆனால் சூத்திரத்தை எடுத்து ஒட்டுவதைவிட, ஸ்ப்ரெட்ஷீட்டில் நிமிடம் நிமிடமாக நடத்திப் பார்ப்பது பிள்ளைகளுக்கு நன்றாக விளங்கும் என்பது என் கருத்து. இரண்டு நெடுவரிசை. முதலாவதில் ஈய அணுக்கள்: ஒவ்வொரு நிமிடமும் 0.02586 பங்கு குறையும் (0.693-ஐ 26.8-ஆல் வகுத்தது). இரண்டாவதில் பிஸ்மத்: ஈயம் இழந்தது இங்கே கூடும், தன் இருப்பில் 0.03483 பங்கு குறையும். அந்த நிமிடத்தில் இரண்டும் இழந்ததைக் கூட்டினால் எண்ணி கேட்க வேண்டியது வந்துவிடும். பகடையில் கற்ற பாடம் இங்கே உதவியது: ஒரு நிமிடத் தாவல் என்பதால் மாறிலியில் சிறு பிசகு வரும், அதைக் கால் நிமிடமாக்கிப் பார்த்தோம், விடை எங்கள் தடுமாற்றத்துக்குள்ளேயே நின்றது.

அரை ஆயுள் இரண்டையும் நாங்கள் தேடவில்லை, அட்டவணை மதிப்பையே வைத்துக்கொண்டோம். தேடியது தொடக்க அளவு இரண்டை மட்டும். பொருத்தியபோது பத்து நிமிடக் கழித்த எண்ணிக்கைக்கு இப்படி வந்தது:

4900 × (ஈயத்தின் மங்கல்) − 3000 × (பிஸ்மத்தின் மங்கல்)

இதில் மங்கல் என்று நான் எழுதுவது, அந்தந்த மாறிலியோடு ஒன்றிலிருந்து இறங்கும் அடுக்குக்குறிச் சார்பை. அந்தக் கழித்தல் குறியில்தான் எல்லாம் இருக்கிறது. "எண்ணிக்கையில் மைனஸ் எப்படிம்மா வரும்?" என்று மகள் முறைத்தாள். மைனஸ் அணுக்கள் கிடையாது. இன்னும் பிறக்காத பிஸ்மத் அது. ஈயத்தோடு சமநிலைக்கு வர எவ்வளவு பிஸ்மத் இருந்திருக்க வேண்டுமோ, அதில் தொடக்கத்தில் இல்லாத பகுதி.

புள்ளிகளோடு ஒப்பிட்டால்: முதல் புள்ளிக்கு மாதிரி சொல்வது 1785, எங்களுடையது 1768. மூன்றாவதுக்கு 1311, எங்களுடையது 1322. கடைசிக்கு 247, எங்களுடையது 236. பதினொன்றில் ஒன்பது, தடுமாற்றத்துக்குள். 945-ம் 359-ம் மட்டும் சற்றே வெளியே, ஒன்று மேலே, ஒன்று கீழே. இப்படிச் சில வெளியே விழத்தான் வேண்டும். எல்லாம் உள்ளே விழுந்திருந்தால்தான் சந்தேகப்பட்டிருப்பேன். வில் வடிவ வளைவு போய்விட்டது. அந்த 110-இலிருந்து 170 நிமிடம்வரையான மணி நேரத்துக்கு மாதிரி சொன்னது, பின்னணியையும் கூட்டி, 2019. வந்தது 2051.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். கழித்தபின் கிடைத்த 33.9 நிமிடக் கோட்டை நீட்டினால் அந்த மணி நேரத்துக்கு 2104 வருகிறது. அதுவும் 2051-க்குப் பக்கம்தான். அந்த ஒரு மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு மாதிரிகளில் எது சரி என்று பிரிக்க முடியாது. பிரிப்பது முதல் புள்ளிகளின் வளைவு. இன்னொன்று: 4900-ஐயும் 3000-ஐயும் பிரித்துப் பார்த்தால், தொடக்கத்தில் ஈயம் பத்து நிமிடத்துக்குச் சுமார் 1000, பிஸ்மத் சுமார் 900 துடிப்பு தந்ததாக வருகிறது. இதை வைத்து அணுக்களின் விகிதத்தைச் சொல்லிவிட முடியாது. பிஸ்மத்-214 கக்கும் பீட்டாக்களில் 3 மில்லியன் எலெக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டுபவையும் உண்டு; ஈயம்-214-இனுடையவை பெரும்பாலும் அதில் கால் பங்கு ஆற்றலுக்குள் அடங்கும். எஃகுச் சுவர் பலவீனமானவற்றைத்தான் அதிகம் தடுக்கும். ஆகவே எண்ணியின் காது பிஸ்மத்துக்குக் கூர்மை, ஈயத்துக்கு மந்தம். எங்கள் வளைகோட்டிலிருந்து கிடைப்பது இரண்டே எண்கள். அதில் தொடக்க அளவையும் காது கூர்மையையும் தனித்தனியாகப் பிரிக்க வழியில்லை.

மாதிரி சரியென்றால், அது நாங்கள் இன்னும் பார்க்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். மகளிடம் இதைக் கேட்டேன்: பலூனை 45 நிமிடத்துக்குப் பதில் ஐந்தே நிமிடம் தொங்கவிட்டு, காத்திருக்காமல் உடனே எண்ணினால் என்ன ஆகும்? ஸ்ப்ரெட்ஷீட்டில் பொலோனியத்துக்கு மூன்றாவதாக ஒரு நெடுவரிசை சேர்த்தாள். ஐந்து நிமிடத்தில் பலூனில் சேர்ந்ததில் பெரும்பகுதி பொலோனியம்-218. அது ஆல்ஃபா கக்கும், எங்கள் குழாய்க்கு அது கேட்காது. அது ஈயமாகி, ஈயம் பிஸ்மத் ஆக ஆகத்தான் சத்தம் வரும். மாதிரியின் விடை: எண்ணிக்கை முதலில் ஏற வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் சேர்வது குறைவு, ஒருமுறை அளந்தால் ஏற்றம் தடுமாற்றத்தில் மூழ்கிவிடும். அதனால் நான்கு முறை, ஒவ்வொரு முறையும் புதுப் பலூன். எடுத்துக் கட்டி எண்ணியைத் தட்ட இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகக்கூடாது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டோம். நான்கையும் கூட்டிய பத்து நிமிட எண்ணிக்கைகள், பின்னணியின் 876-ம் உள்ளடங்கியவை:

1652, 1849, 1807, 1661, 1560

முதல் எண்ணுக்கும் இரண்டாவதுக்கும் இடையே 197 கூடியிருக்கிறது. அந்த வித்தியாசத்தின் தடுமாற்றம் 59. நான்காவது பலூனின் இரண்டாம் பத்து நிமிடம் முடிந்து கூட்டுத்தொகை திரையில் மாறியபோது, மகள் நோட்டை இழுத்து 1652-இலிருந்து 1849-க்கு மேல்நோக்கி ஒரு அம்புக்குறி போட்டாள். அதன் பக்கத்தில் "பொலோனியம்" என்று எழுதினாள்.